இன்னொரு தடவை சொல்லுங்க

மதிய வெயில் டாக்டரின் மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. சுவரில் ஒளிரும் பெட்டியில் அவள் நெஞ்சின் படம்; வலப்பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளை உருண்டை. ஒரு வருடமாக அவள் இருமும்போதெல்லாம், "வேலை செய்ய வலிக்குது, அதான் நடிக்கிறா" என்று தன் அக்காவோடு சேர்ந்து சிரித்த கணவன், பக்கத்து நாற்காலியின் நுனியில் கார் சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறான். "ஊசி போட்டு எடுத்த சதையை மூணு பேர் பாத்தோம்மா," என்கிறார் டாக்டர். "இது வழக்கமா வர்ற நுரையீரல் புற்று இல்ல. சார்கோமான்னு வேற வகைப் புற்று. தசை, கொழுப்பு மாதிரி மிருதுவான திசுல வர்றது. நுரையீரல்லயே முளைக்கிறது ரொம்ப அபூர்வம். வேற எங்கயும் பரவல, ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்." அவளுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பயத்துக்குள்ளேயே நாக்கில் ஏதோ இனிக்கிறது. "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். இவருக்குச் சரியாக் கேட்டிருக்காது." டாக்டர் முதலிலிருந்து சொல்கிறார். சொல்லச் சொல்லக் கணவனின் முகம் வெளிறிப்போவதை அவள் கண்கொட்டாமல் பார்க்கிறாள். "எனக்குத் தெரியலையேம்மா," என்று அவன் அவள் கையைத் தேடுகிறான். அவள் கையை இழுத்துக்கொள்கிறாள். "பரவாயில்லங்க. உங்க அக்காவுக்குப் போன் போடுங்க. எனக்கு என்ன வியாதின்னு உங்க வாயாலயே சொல்லுங்க. நான் கேக்கணும்."