நாலாவது கட்டம்

"மூணு போதும். நாலாவது வாணாம்" என்று சொல்லிவிட்டு, கஸ்பார் போட்டி ஃபாரத்தில் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

மகள் மெர்லின் ஃபாரத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்.

இடுப்பு உயரத்துக்கு மேல் வளராத குட்டைச் சாதிக் குதிரைகளுக்கான கண்காட்சி அது. வயசு, நிறம், உடல்கட்டு என்று முதல் மூன்று போட்டிகள் குதிரைக்கு. தலைக்கயிற்றில் பிடித்து நிறுத்தினால் போதும். நடுவர் குதிரையைத்தான் பார்ப்பார், பிடித்திருக்கும் ஆளைப் பார்க்க மாட்டார். நாலாவது, கயிறு பிடித்து நடத்துகிறவரின் திறமைக்கு.

"நைனா, எட்டு மாசமா அதுக்குத்தான் பழக்கிகினு கீறேன்."

"தெரியும்."

"கயிறே இல்லாம என் பின்னாடி வருது பொட்டு. நில்லுன்னா நிக்கிது. அந்தக் கப்பு நமக்குத்தான்."

"வாணாம்னா வுடேன்."

கல்மண்டபம் ஏரியாவில் கஸ்பாரின் கொட்டகை. கல்யாண சாரட்டு இழுக்கும் இரண்டு பெரிய குதிரைகளுக்கு நடுவே, நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு நின்றது ஒன்றரை வயசுப் பொட்டு. தாய் செத்துப்போன குட்டி. பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள் மெர்லின்.

அவளுக்கு வேறு வேலையும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்ணூர்ப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனாள். குழாய் வெடித்து முகத்தின் இடது பாதியும் கழுத்தும் வெந்துவிட்டன. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனி விசாரணைக்கும் போனதைத் தவிர, அவள் தெருவில் கால் வைத்ததில்லை.

"என் மூஞ்சிதானே?" என்றாள்.

கஸ்பார் ஃபாரத்தைத் திரும்ப வாங்கி மடித்தார்.

"குதிரையைப் பாக்குற போட்டிக்கு நான் போலாம். ஆளைப் பாக்குற போட்டின்னா உனுக்கு அசிங்கமா கீது. அப்டித்தானே நைனா?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அப்டியே வச்சிக்க. உன்னால முடியலன்னா சொல்லு, நானே புடிச்சிக்கினு போறேன்."

"அது என் குதிரை. நான்தான் வருவேன்."

அதோடு பேச்சு நின்றது. பன்னிரண்டு நாள், ஒரே வீட்டுக்குள், அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றுத் தட்டை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

கண்காட்சி அன்று திருவொற்றியூர் மைதானத்தில் நல்ல கூட்டம். துப்பட்டாவை முகத்தில் பாதி வரை இழுத்துக்கொண்டு பொட்டுவை நடத்திப் போனாள். நடுவராக வந்த கால்நடை டாக்டரம்மா குனிந்து, பல்லைப் பார்த்தார், முழங்காலைத் தடவினார்.

"முன்னங்கால் கொஞ்சம் உள்ள திரும்புதும்மா" என்றார்.

வயசுப் போட்டியில் ஐந்தில் நாலாவது. நிறத்தில் ஒன்றுமில்லை. உடல்கட்டிலும் ஒன்றுமில்லை. ஜெயித்த குதிரைகளுக்கு டாக்டரம்மா அங்கேயே ரிப்பன் கட்டினார். மூன்றாவது சுற்றில் துப்பட்டா நழுவித் தோளில் கிடந்தது. இழுத்துவிட மறந்துவிட்டாள்.

பிறகு நாலாவது போட்டி.

கம்பி ஓரம் நின்று பார்த்தாள். ஜெயித்த பெண்ணின் குதிரை இரண்டு தடவை முரண்டு பிடித்தது. கயிற்றை இழுத்து இழுத்துத்தான் அந்தப் பெண் முடித்தாள். மற்றவர்கள் அதைவிட மோசம்.

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு மெர்லின் அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"பாத்தியா? இப்ப உனுக்கு சந்தோஷமா?"

"வண்டில ஏத்து. கெளம்பலாம்" என்றார் கஸ்பார். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் எதிரே வந்து நின்று, சரியாகவே இருந்த கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மைக்கில் ஒரு குரல் கேட்டது.

"நம்ம வட்டாரத்துப் பொண்ணுங்க தைரியமா முன்னுக்கு வரணும். அதுக்காகத்தான் இந்தக் கப்பை எங்க கம்பெனி சார்பா நானே குடுக்கறேன்."

அந்தக் குரலை மெர்லினுக்குத் தெரியும். முகத்தில் கட்டுப் பிரிக்காத நிலையில் விசாரணை அறையில் அவள் உட்கார்ந்திருந்தபோது, எதிர் நாற்காலியிலிருந்து கேட்ட குரல். 'மெர்லின்னு ஒரு பொண்ணு எங்ககிட்ட வேலையே செய்யல சார். வெளியில எங்கயோ சுட்டுக்கினு வந்து எங்களைக் கேக்குறாங்க.'

அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மேடையில் அந்தக் கெமிக்கல் கம்பெனி மேனேஜர், ஜெயித்த பெண்ணின் தோளில் கை போட்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நைனா... இந்த ஆளு வர்றது உனுக்குத் தெரியுமா?"

"ஃபாரம் வாங்கப் போனப்பவே கேட்டேன், கப்பு யாரு குடுக்கறதுன்னு." கஸ்பார் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ போனா நீதான் ஜெயிப்ப. உன் மேல கை போட்டு அவன் போட்டோ புடிச்சிக்குவான். அவன் கையால நமக்கு இன்னாத்துக்கு?"

"இத்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? பன்னெண்டு நாளா உன்னை இன்னா இன்னாவோ நெனச்சிகினு இருந்தேனே."

கஸ்பார் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

"அவன் வர்றான்னு சொல்லியிருந்தா, நீ வூட்ட வுட்டே வந்திருக்க மாட்ட கண்ணு. என் மேல கோவம்னா வருவ."