கூடவே ஒரு வரி

ஒரு எண் மாறியதில் அறுபதாயிரம் ரூபாய் தனசேகரனின் கணக்கில் வந்து விழுந்தது. ஐந்தாவது நிமிடம் ஒரு பெண் அழைத்தாள். "அண்ணே, எம்பேரு முனீஸ்வரி. வீட்டுக்காரரு ஆபரேஷனுக்குக் கட்ட வேண்டிய பணம். கடைசி நம்பரத் தப்பா அமுக்கிட்டேன். திருப்பி அனுப்பிருங்கண்ணே." தனசேகரன் நிதானமாகச் சொன்னான்: "பேங்க்ல எழுதிக் குடும்மா. அவங்க கேட்டா தர்றேன். நீ சொன்ன உடனே அனுப்ப நான் என்ன இளிச்சவாயனா?" நான்காவது அழைப்போடு அவள் எண்ணை பிளாக் செய்துவிட்டான். மறுநாளிலிருந்து அவளிடமிருந்து ஒவ்வொரு ரூபாயாக வரத் தொடங்கியது. பணம் அனுப்பினால் கூடவே ஒரு வரியும் எழுதி அனுப்பலாம் என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். 'நீங்க சம்மதிச்சாத்தான் எடுக்க முடியும்னு பேங்க்ல சொல்றாங்கண்ணே.' ஒரு ரூபாய். 'பாதியாவது அனுப்புங்கண்ணே.' ஒரு ரூபாய். 'அவருக்கு மூச்சு வாங்குது.' ஒரு ரூபாய். ஒரு வாரத்தில் தனசேகரன் போனை மனைவியிடம் நீட்டினான். "பதினோரு ரூபா ஆச்சு பாரு. மொய் வைக்கிறா." அவளும் சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு நாள் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இலைக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது. ஒரு ரூபாய். கூடவே ஒரு வரி: 'அவரு நெத்தியில ஒட்டுறதுக்கு வச்சிருந்த ஒத்த ரூபா. இதையும் நீங்களே வச்சுக்கங்க.'