என் பேரில் இருந்த சுகர்

"தம்பிக்குக் கேசரி வேணாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா என் தட்டை எடுத்து அந்தப் பக்கம் நகர்த்தினார்.

வீடு எங்களுடையது. கேசரியும் எங்களுடையது. அக்கா மெர்லினைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வந்திருந்தவர்கள் அவர்கள்.

"எங்க ஊரு மெடிக்கல்ல பார்த்தேனே. சுகர் மாத்திரை யாருக்குப்பான்னு கடைக்காரர் கேக்குறாரு, எனக்குத்தான்னு சொல்லிக்கினு நிக்கிறீங்க. பாவம், இருபது வயசுல!"

எனக்குச் சுகர் இல்லை. மெர்லினுக்கும் இல்லை.

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் மனசு வந்தால் வரும். இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அது சொல்வதை உடம்பு காதில் வாங்குவதில்லை என்று டாக்டரம்மா சுகர்காரர்களின் மாத்திரையையே எழுதிக் கொடுத்திருந்தார்.

திண்டிவனத்தில் வாங்கினால் ஞாயிறு பூசைக்குள் சர்ச் பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். குழந்தை பிறக்காது என்று அவர்களே முடிவும் கட்டிவிடுவார்கள். அதனால் நான் காலேஜ் படிக்கும் விழுப்புரத்தில், என் பேரைச் சொல்லி வாங்கச் சொன்னாள் அம்மா.

ஏழு மாதமாக நான் ஒழுக்கமான சுகர் பேஷண்ட். கால் விரல்களைத் தினமும் பார்த்துக்கொள்ளும்படி கடைக்காரர் அறிவுரை சொல்லியிருக்கிறார். பார்த்தும் வந்தேன்.

"குடும்பத்துல வேற யாருக்குங்க இருக்கு? ரத்தத்துல இருந்தா பொண்ணுக்கும் வருமே."

எனக்குச் சுகர் இருக்கிறது என்றால் சம்பந்தம் போகும். இல்லை என்றால் மாத்திரை யாருக்கு என்று வரும்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா காலண்டரில் இருந்த மாதாவைப் பார்த்தார்.

மெர்லினுக்கு இது பெண் பார்க்க வரும் நான்காவது ஞாயிற்றுக்கிழமை. மாத்திரை வயிற்றைப் புரட்டியதில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவனுக்கு ஒண்ணும் இல்லைங்க. மாத்திரை எனக்கு. நீர்க்கட்டி. குழந்தை பொறக்காதுன்னு டாக்டர் சொல்லல. வேற எதுனா கேக்கணும்னா கேளுங்க, எனக்கு நிக்க முடியல."

அம்மா "சேசுவே" என்றாள், சத்தம் வராமல்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை ஆரோக்கிய ஜெனித் நிமிர்ந்தார்.

"ஐநூறு எம்ஜிங்களா, ஆயிரமா?"

"ஐநூறு. ரெண்டு வேளை."

"வெறும் வயித்துல போடாதீங்க. சாப்பிட்டுக்கினு இருக்கும்போதே பாதியில போட்டுடுங்க, பொரட்டாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

அவர் தொடையைக் கிள்ள நீண்ட அவருடைய அம்மாவின் கை, கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.