நோயாளி 4

நுண்ணோக்கியில் கண் வைக்கும் இடமெல்லாம் குங்குமம்.

அவள் துடைக்கவில்லை. சிவந்த மங்கலுக்குப் பின்னால் ஏதோ மின்னியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று. அதன் பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக, இன்னொன்று.

ஆயுத பூசை போட்டு மூடிய ஆய்வகம் நான்கு நாள் கழித்து இன்று காலைதான் திறந்தது. எல்லாக் கருவிக்கும் சந்தனம், பொட்டு. சென்ட்ரிஃப்யூஜுக்கு ஒரு முழம் சாமந்தி. பூசை போட்டதை யாரும் தொடக்கூடாது.

அதனால்தான் படிகம் வளர்ந்திருக்கும்.

மூன்று வாரமாக புரதத் துளிகள் வைத்த அந்த ட்ரேயைத் தினமும் வெளியே எடுத்துப் பார்த்தவள் அவள். அசைக்காமல் விட்டால்தான் படிகம் வரும் என்று தெரியும். தெரிந்தும் எடுப்பாள்.

ட்ரேயின் ஓரத்தில் அவள் கையெழுத்து: நோயாளி 4.

முதல் மூவரின் ரத்தம் மருத்துவமனையிலிருந்து வந்தது. நான்காவது குழாயை அவளே கொண்டுவந்து வைத்தாள். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

ரத்தத்தில் நெடுங்கயிறு போல ஒரு புரதம் மிதக்கிறது. அந்தக் கயிற்றில் உருண்டையாக மடிந்த ஒரு சிறு பகுதி. நடுவே தகடுகள். சுற்றிலும் சுருள்கள். இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டிய ஒரே ஒரு கந்தக முடிச்சு.

காயம் பட்ட இடத்தில் கயிறு நீளும். ஓடுகிற தட்டணுக்களை அந்த உருண்டை எட்டிப் பிடிக்கும். ரத்தம் நிற்கும்.

நோயாளி 4-இன் உருண்டை சரியாகப் பிடிப்பதில்லை. இருநூறு அமினோ அமில மணிகள் கோத்த இடத்தில் ஒரு மணி மாறியிருக்கிறது.

பள்ளியில் வெள்ளைச் சீருடை போடும் நாட்களை அவள் வெறுத்தாள்.

ஒரு மணி மாறினால் உருவம் எப்படி மாறும்? படிகம் கிடைத்தால் பார்த்துவிடலாம். கிடைக்காவிட்டால், "இந்த ட்ரேயோட நாலாவது ஆளை விட்டுடலாம்மா" என்று ஆய்வை நடத்தும் சார் சொல்லியிருந்தார். புரதமும் தீர்ந்துவிட்டது.

"என்னடி, உப்பா?"

பின்னால் பல்கீஸ் அக்கா. அவளைவிட மூன்று வருடம் மூத்த ஆய்வு மாணவி. போன வருடம் இதே ஆய்வகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்த பிறகுதான் தன் படிகம் வெறும் உப்பு என்று கண்டுபிடித்தவள்.

"தெரியலக்கா."

"குத்திப் பாரு."

"ரெண்டே ரெண்டுதான்க்கா இருக்கு."

"ஒண்ணு போனா ஒண்ணு. குத்தாம வச்சுக் கும்பிடப் போறியா? பூசையெல்லாம் முடிஞ்சிருச்சுடி."

உப்பு என்றால் கல். அழுத்தினால் டிக்கென்று தெறிக்கும். புரதப் படிகத்தில் பாதி தண்ணீர். குழைந்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒன்றை உடைக்க வேண்டும்.

மூடியிருந்த கண்ணாடிச் சில்லைத் திருப்பி வைத்தாள். துளி காயத் தொடங்கும். யோசிக்க நேரமில்லை.

சின்னதைத் தேர்ந்தெடுத்தாள்.

ஊசி இறங்கியது.

தெறிக்கவில்லை.

நுங்கைத் தொட்டதுபோல உள்ளே போனது. படிகம் மெல்லக் குழைந்து இரண்டாக விலகியது.

"அக்கா."

"என்ன?"

"அக்கா!"

பல்கீஸ் அக்கா அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். பிறகு கத்திய கத்தலில் பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது. சில்லை அக்காதான் திரும்ப மூடினாள்.

மிஞ்சிய படிகம் கணினித் திரையில் பெரிதாக வந்து நின்றது. ஓரங்கள் கத்தரித்ததுபோல் இருந்தன.

"மூஞ்சியப் பாரு, குங்குமத்த அப்பிக்கிட்டு! கண்ணுல, மூக்குல எல்லாம்."

சிரித்துக்கொண்டே அக்கா துப்பட்டா நுனியால் துடைத்தாள். கண்ணைச் சுற்றி இருந்தது வந்துவிட்டது. மூக்கின் கீழே துடைத்தாள். போனது. மறுபடியும் வந்தது.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"ஒண்ணுமில்லக்கா. இருபது நிமிஷம் ஆகும்."

நேரம் கேட்டவர்க்குச் சொல்வதுபோல் சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்க வெள்ளைக் கோட்டில் இன்னொரு பொட்டு விழுந்தது.

அக்கா பஞ்சு கொண்டுவந்தாள். குழாய்கள் வைக்கும் வாளியிலிருந்து ஐஸை அள்ளித் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

பஞ்சு சிவந்தது. அடுத்ததும் சிவந்தது.

அக்கா பஞ்சைப் பார்த்தாள். ட்ரேயின் ஓரத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.



நுண்ணோக்கியின் பொட்டு வைத்த தலையில் கையை ஊன்றிக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றாள். திரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நீ எவ்வளவு அழகா இருக்கடி."

மூக்கைப் பிடித்தபடியே அவள் ட்ரேயில் 'நோயாளி 4' என்று எழுதியிருந்த ஓரத்துக்குக் கையை நீட்டினாள்.

"மார்க்கர் எங்கக்கா இருக்கு?"