மருந்து இருந்த இடம்

மருந்தை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்புதான். அவள்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

திரையில் காசநோய்க் கிருமியின் புரதம் நீல வலையாக விரிந்தது. படிகத்தில் பட்டுச் சிதறிய எக்ஸ்-கதிர்களின் புள்ளிகளிலிருந்து கணினி பின்னிய வலை. அணுக்கள் இருக்கும் இடத்தில் வலை இருக்கும்.

நடுவில் ஒரு குழி. வேதியியல் கூடத்து ரெஜினா செய்த மருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

இப்போது அங்கே வலை இல்லை.

மூன்று சிறிய உருண்டைகள் மட்டும். தண்ணீர்.

வேறொரு படிகத்தின் தரவை எடுத்து ஓட்டினாள். அதிலும் தண்ணீர்தான்.

இத்தனை மாதமும் அவள் பார்த்தது, அவளே கணினியில் கொண்டுபோய் வைத்த மருந்தை. நாம் வைத்ததையே கணக்கு நமக்குத் திருப்பிக் காட்டும், ஏமாந்துவிடக் கூடாது என்று புதிதாக வந்தவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். பழைய கோப்பு பத்திரமாக இருக்கிறது. படம் அழகாக வந்திருக்கிறது.

மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு ஆராய்ச்சி கைடின் அறைக்குப் போனாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். கட்டுரையை நிறுத்திவைக்கச் சொன்னார். மாநாட்டுக்குக் கொடுத்த படத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

கதவருகே போனவளிடம், ரெஜினாவுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

இல்லையென்று தலையாட்டினாள்.

வேதியியல் கூடம் கீழ்த்தளத்தில். படியிலேயே கரைப்பான் நெடி வந்துவிட்டது. ரெஜினா குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். அந்த மருந்தைச் செய்து செய்து மணிக்கட்டெல்லாம் தடிப்பு. எத்தனையோ முறை கெட்டுப்போய், கடைசியில் சிட்டிகை வெள்ளைப் பொடியாகக் கிடைத்த அன்று அழுதிருக்கிறாள்.

மேசையில் அவளுடைய போன் ஒளிர்ந்தது. முகப்பில் அந்தப் படம்தான். நீல வலைக்குள் மஞ்சளாக மருந்து.

"ரெஜி, அது அங்க இல்ல."

ரெஜினாவுக்குப் புரியவில்லை. படத்தைக் காட்டி, மெதுவாக, முதலிலிருந்து சொன்னாள். படிகம் சரியில்லையோ என்று ரெஜினா கேட்டாள். இன்னொன்றிலும் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். தப்பு என்னுடையது, முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

ரெஜினா குடுவையைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே போனாள்.

குழாய் திறந்தபடி கிடந்தது. மூடினாள். பின்னாலேயே போகலாமா என்று தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தபோது ரெஜினாவின் முகம் ஈரமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். குழியைப் பெரிதாக்கினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த மூணு தண்ணியும் ரெண்டு படிகத்துலயும் இதே இடத்துலதான் நிக்கா?"

ஆமாம் என்றாள். தண்ணீர் பிடித்து நிற்கும் இடத்தில் ஒரு மருந்தின் அணுவும் பிடித்து நிற்கலாம்.

நச்சுப்புகையை உறிஞ்சும் கூண்டின் கண்ணாடிக் கதவில் மருந்தின் அமைப்பு மார்க்கரில் வரைந்திருந்தது. ரெஜினா எழுந்துபோய், வெள்ளைக் கோட்டின் கையாலேயே அதைத் துடைத்தாள். அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் வைத்தாள். இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஓர் அறுகோணம் போட்டாள்.

மூன்றாவது எட்டவில்லை.

"அது எவ்வளவு தள்ளி நிக்கி? அளந்து சொல்லு."

கர்சரை அணுவின் மேல் வைக்கப் பார்த்தாள். தவறிப்போய்ப் பக்கத்தில் விழுந்தது. மறுபடியும் தவறியது.

ரெஜினா மார்க்கரைத் திறந்தபடி காத்திருந்தாள்.