ஸ்பிரிட்டில் முக்காத கத்தி

இந்த ஸ்ட்ராபெரி ரகத்தின் விலை ஓர் ஆயுள். அதை உருவாக்கப் பேராசிரியை பேரம் பேசாமல் கொடுத்திருக்கிறாள். உலகத்தில் இருப்பதே இந்தக் கண்ணாடிக் கூடத்து ஒரு வரிசைதான். முதல் தொட்டியின் இலையை வெயிலுக்கு நேரே பிடிக்கிறாள். ஈரம் ஊறினாற்போல் புள்ளிகள். அவற்றின் வழியே வெளிச்சம் கசிகிறது. தொற்று நோய்தான். போன வாரம் பதவி உயர்வுச் செய்தி போனில் வந்தபோது, ஒரே கத்தியால் வரிசை முழுக்கக் கொடி நறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அதைக் கிருமி போகச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் முக்க மறந்துபோனாள். வாசலில் பக்கத்து ஆய்வகத்துக்காரர் வந்து நிற்கிறார். “என்ன மேடம், ட்ரீட்டுக்குப் பயந்து இங்க ஒளிஞ்சிக்கிட்டீங்களா?” “உள்ள வராதீங்க சார்,” என்கிறாள். “எதையும் தொட்றாதீங்க.” அவர் சிரிப்பு பாதியில் நிற்கிறது. இரண்டாவது தொட்டியின் இலையைத் தூக்குகிறாள். அதிலும் வெளிச்சம் கசிகிறது. வரவில் ஒரு பதவி. செலவில் இரண்டு தொட்டி ஏறியாயிற்று, மீதி வரிசை இன்னும் எண்ணப்படாமல் நிற்கிறது.