ஆள் கழிக்கும் காலை

இன்று அமெரிக்கக் கால்பந்து அணியின் உடைமாற்றும் அறையில் யாரும் பாட்டுப் போடவில்லை. மூத்த ஆட்டக்காரர்களின் அலமாரிகளில் பித்தளைப் பெயர்ப்பலகை மின்னுகிறது. கல்லூரிப் பையன்களை அணிகள் பங்கு போட்டபோது ஏழாம் சுற்றில், கடைசிக்குச் சற்று முன்னால் எடுக்கப்பட்ட ஜேலனுக்கு வெள்ளை நாடாவில் பேனாவால் எழுதிய பெயர்தான்; அதன் ஒரு முனை பிய்ந்து நிற்கிறது. பக்கத்தில் அறைத்தோழன் சியோனே. இருவருக்கும் சேர்த்து அணியில் மிச்சமிருப்பது ஒரே இடம். "காலை ஆட்டாதடா, பெஞ்சே நடுங்குது" என்கிறான் சியோனே. "உன் வெயிட்டுக்கு நடுங்குதுடா." சிரிப்பு பாதியில் நிற்கிறது. கதவருகே பயிற்சியாளரின் ஆள் மிட்ச். அவர் "டேப்லெட்டை எடுத்துக்கிட்டு வா" என்றால் கதை முடிந்தது. ஆட்டத் திட்டமெல்லாம் அதில் இருப்பதால் திருப்பி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். "ஜேலன், கோச் கூப்பிடுறாரு." ஜேலனின் கை தானாக டேப்லெட்டுக்குப் போகிறது. "அது எதுக்கு? சும்மா வாப்பா." எழுந்தவனின் ஒரு காலில்தான் ஷூ இருக்கிறது. சியோனே அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறான். "போடா டேய், ஓடு!" பிறகு குனிந்து, யாரும் கேட்காமலே, தன் டேப்லெட்டைச் சார்ஜரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறான்.